மூத்தாள் ஜாடி

அஸ்தின்னு நான் சொல்லலைங்க. அவராத்தான் சொன்னாரு. நீங்க பக்கத்துலயேதான உக்காந்திருந்தீங்க, உங்க காதால கேட்டீங்கல்ல? "என்னம்மா மடியில, இவ்ளோ பெரிய ஜாடி, துணியெல்லாம் சுத்தி?"ன்னாரு அந்தச் செக்போஸ்ட்டுப் போலீஸ்காரரு. "எங்க வீட்டு மூத்தவங்க"ன்னேன். பொய்யா அது? வாய்ல அதான் வந்துச்சு. அவரு என் மூஞ்சியப் பாத்தாரு, ஜாடியப் பாத்தாரு, தொப்பியக் கழட்டிட்டாரு. "அஸ்தியாம்மா? கரைக்கவா எடுத்துட்டுப் போறீங்க?"ன்னு கேட்டாரு. நான் தலைய ஆட்டவுமில்ல, ஆட்டாம இருக்கவுமில்ல. டிரைவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான், வண்டியே ஆடுச்சு, அதுல என் தலையும் சேந்து ஆடியிருக்கும். அவரு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு. பின்னால உக்காந்திருந்த ஆளோட பையத்தான் கொட்டிக் கவுத்துப் பாத்தாரு, பாவம்.

ஏம்மா, நீங்க எதுக்கு ஜன்னல் பக்கமா ஒதுங்குறீங்க? பயப்படாதீங்க. அஸ்தி இல்ல. நாங்க கிறிஸ்தவங்க, எங்கள்ல பொதைக்கிறதுதான். துணிய லேசா வெலக்குறேன், மோந்து பாருங்க. தெரியுதா? நாவல் பழம். ரம்முல ஊறுது. மெதுவா, மெதுவா, ஏன் இப்படிக் கத்துறீங்க? கண்டக்டரு திரும்பிப் பாக்குறாரு பாருங்க. பாண்டியிலேருந்து காரைக்காலுக்குப் போகணும்னா நடுவுல உங்க தமிழ்நாட்டத் தாண்டித்தான போகணும், அதுல சரக்கு கொண்டாரக் கூடாது. ஆனா இது சரக்கா? வீட்டுல போட்டது. கிறிஸ்மஸ்சுக்குப் பெரியவங்க, பொம்பளைங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்கிறது. லிக்கர்னு சொல்லுவோம்.

நீங்க திருநள்ளாறு போறீங்களா? சனீஸ்வரனுக்கா? நல்லது. அப்ப காரைக்கால் வரைக்கும் என்கூடத்தான். ரொம்ப தூரம் இருக்கு, தூங்க வேணாம். யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு அடைக்கும்.

மூத்தவங்கன்னு சொன்னது எங்க வீட்டுக்காரரோட மொத சம்சாரம். ஒதில்னு பேரு. அவ போய்ச் சேந்தப்புறந்தான் நான் வாக்கப்பட்டேன். நான் மர்தீன். காரைக்கால்ல பொறந்து வளந்தவ. அம்மாவும் போயிட்டாங்க, அண்ணன் வீட்டுல ஒண்டிக்கிட்டு இருந்தேன், வயசு நாப்பதத் தொட்டுருச்சு. இனிமே எங்க கல்யாணம்னு இருந்தப்ப பாண்டியிலேருந்து இந்த எடம் வந்துச்சு. லெயோன்னு பேரு, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. நல்ல மனுஷன். குடிச்சுட்டு உருளமாட்டாரு, கைய நீட்டமாட்டாரு. வாயையும் தொறக்கமாட்டாரு, அதான். காலையில பேப்பரு. சாயங்காலம் ஆனா இரும்புக் குண்டு உருட்டுற பெத்தாங் ஆட்டம். நான் ஒரு கேள்வி கேட்டா, நாளைக்கு பதில் வரும். கல்லுளிமங்கன். அவர நான் கொறை சொல்லல. இருக்கறதச் சொல்றேன்.

அந்த வீட்டுக்கு நான் போனேன் பாருங்க, எங்க திரும்புனாலும் அவதான். கூடத்துல அவ போத்தோ, அதான் படம், மாலையோட. தையல் மெஷின்ல அவ குத்தி வச்ச ஊசி கூட அப்படியே இருந்துச்சு. தபால் பொட்டியில அவ பேரு. பால்காரன் கூட "ஒதில் அம்மா இருந்தப்ப ஒரு லிட்டர் வாங்குவாங்க"ம்பான். இருந்தும் கெடுத்தா செத்தும் கெடுத்தான்னு சொல்லுவாங்களே, அதான். எனக்கு அவளப் புடிக்காதும்மா. மொகம் பாத்ததில்ல, ஆனா புடிக்காது. மொதல்லயே சொல்லிடறேன்.

இந்த ஜாடியும் அவளோடதுதான். அவ அப்பா சைகோன்லேருந்து கொண்டாந்தாராம். பாருங்க, எவ்ளோ கனமான கண்ணாடி, இப்பல்லாம் எங்க கெடைக்குது? நான் போன மொத வாரம் சமையக்கட்ட ஒழுங்கு பண்றேன், அங்கயே மாடிப்படிக்குக் கீழ இது இருக்கு. அடியில நாலு வெரக்கடை ஒசரத்துக்குக் கறுப்பா ஏதோ கெடக்கு. கொட்டிக் கழுவலாம்னு தூக்குனேன். எங்க வீட்டுக்காரரு ஓடி வந்தாரும்மா. ஓடி வந்தாரு! அந்த மனுஷன் ஓடி அன்னைக்குத்தான் பாத்தேன். "கழுவாத"ன்னாரு. "ஏங்க?"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அது ஒதில் வச்சது. இந்த வீட்டுல இத காலி பண்ற வழக்கம் இல்ல. வருஷா வருஷம் அடியில நாலு வெரக்கடை விட்டுட்டு, அது மேலயேதான் புதுசு போடணும். பழசு புதுசுக்கு ருசி குடுக்கும்"ன்னாரு. எனக்குத் தெரிஞ்சு என்கிட்ட அவரு ஒரே மூச்சுல அவ்ளோ பேசுனது அதுதான்.

அப்ப என்ன அர்த்தம்? அவ போட்டது அடியில இருக்கு. அது மேல நான் போடறேன். அடுத்த வருஷம் அது மேல. எத்தன வருஷமானாலும் அடியில அவ இருப்பா. மூத்தா உக்காந்த பாயில எளையா உக்காந்த கதைதான். நான் என்ன சொல்ல முடியும்? சரின்னேன்.

நாவல் பழம் ஆனி, ஆடியில வரும். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரங்க திருநாள், அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு கோட்டு மாட்டி மெடல் குத்திக்கிட்டு கடற்கரைக்கு அணிவகுப்புக்குப் போயிடுவாரு. நான் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிடுவேன். அடிபடாத பழமா ஒண்ணொண்ணாப் பொறுக்கணும். உப்புத் தண்ணியில அலசி, ஃபேனுக்குக் கீழ துணியில பரப்பி, ஈரம் போனதும் ஊசியால ஒவ்வொண்ணையும் குத்தணும். அப்பத்தான் ரம்மு உள்ள போகும், சாறு வெளிய வரும். அப்புறம் ஒரு அடுக்கு பழம், ஒரு அடுக்கு சக்கர, கிராம்பு, பட்ட. மேல ரம்ம ஊத்தி மூடி இருட்டுல வச்சுட்டா, கல்லறைத் திருநாளன்னைக்கு அவ கல்லறைக்குப் போய் பூ வச்சு மெழுகுத்திரி ஏத்திட்டு வந்து, ஒரு தடவ தொறந்து மரக்கரண்டியில கிண்டணும். மறுபடி மூடுனா கிறிஸ்மஸ்சுக்குத்தான் தொறப்பு.

மொத வருஷம். சக்கர போட்டுக்கிட்டு இருக்கேன். அளவு யாரும் சொல்லல. சொல்ல ஆளு எங்க? அவருதான் கடற்கரையில கொடிக்கு சல்யூட் அடிச்சுக்கிட்டு இருக்காரே. கையால அள்ளி அள்ளிப் போடறேன். அப்ப பின்னாலேருந்து, இந்தக் கழுத்துக்கிட்டம்மா, "போதும்டி"ன்னு கேட்டுச்சு.

சிரிக்காதீங்க.

நான் திரும்பிப் பாத்தேன். யாருமில்ல. கை மட்டும் அப்படியே நின்னுருச்சு. "டி" போட்டு யாரு என்னக் கூப்புடுவா சொல்லுங்க? அவரு மர்தீன்னு கூப்புடுவாரு, அதுவும் எப்பவாவது. தெருவுல "மதாம்"னு மரியாதையாக் கூப்புடுவாங்க. எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் என்னை டி போட்ட ஆளே கெடையாது. அந்த வீட்டுல என்னைய டி சொல்ல உரிமை உள்ளவ ஒருத்திதான். சரி, மூத்தவ சொல்லிட்டா, போதும்னு நிறுத்திட்டேன்.

பயமா? இல்லங்க. மொத நாளு இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ரெண்டு நாளு சமையக்கட்டுக்குள்ள செபமாலையோடத்தான் போனேன். அப்புறம் பழகிருச்சு. ஜாடிக்கிட்டப் போனாத்தான் வருவா. மூடியத் தொடச்சா வருவா. என்ன, சும்மா நிப்பா. நான் பேசிக்கிட்டே இருப்பேன். அவரு இன்னைக்கு மீனத் தொடவே இல்லடி, ஏன்டின்னு கேப்பேன். ஓரகத்தி ரெஜின் வந்து என் பொடவையப் பாத்து மூக்கச் சுளிச்சத சொல்லுவேன். ரெஜின்ங்கறது எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, வாயத் தொறந்தா ஒதில் புராணந்தான். சில நாளு எனக்கு ஆத்தமாட்டாம அவளப் பத்தியே அவகிட்ட கொறை சொல்லுவேன். "நீ செத்துட்ட, ஒனக்கென்ன? ஒன் பேரத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறாங்க, அடுப்புல வேகுறவ நானு"ம்பேன். கேட்டுக்குவா. எதுத்து ஒரு வார்த்த பேசமாட்டா. அந்த விஷயத்துல தங்கம்.

ரெண்டாவது வருஷம் உப்பு போடச் சொன்னா. ஆமா, உப்பு. ஒரு சிட்டிகை கல்லுப்பு. எங்க ஊர்ல நாவல் பழத்த உப்புல பெரட்டித்தான் திம்போம், சின்னப் பிள்ளையிலேருந்து. பாண்டிக்காரி, அதுவும் சொல்தா, அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரு வீட்டுக்காரி, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ! "ஒரு சிட்டிகை போட்டுப் பாருடி"ன்னா. போட்டேன்.

நான் ருசி பாக்கறதில்லைங்க. இன்னைய வரைக்கும் ஒரு சொட்டு இதுலேருந்து என் நாக்குல பட்டதில்ல. மூத்தவ வச்சுட்டுப் போனதுல நான் போய் வாய் வைக்கிறதா? வாசனையிலயே தெரிஞ்சுரும். மிச்சத்த அவ சொல்லிருவா.

கிறிஸ்மஸ் மத்தியான சாப்பாடு எங்க வீட்டுலதான். அவரு தம்பி குடும்பம், அந்த பக்கத்து சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க எல்லாரும் வந்துருவாங்க. சாப்பாட்டுக்கு முன்னால காக்டெயில் குடுக்கணும், அது அந்த வீட்டு மரியாதை. டம்ளர் விளிம்புல எலுமிச்சம்பழத்தத் தேச்சு சக்கரையில கவுப்பேன். அடியில ஐஸ்கட்டி. ஜாடியிலேருந்து ரெண்டு வெரக்கடை. இஞ்சிச்சாறு ஒரு சொட்டு, எலுமிச்சஞ்சாறு கொஞ்சம், மேல சோடா. சோடா விழுந்ததும் அந்தக் கறுப்பு கலங்கி ஊதாவா நொரச்சுக்கிட்டு மேல வரும், பாக்கவே அப்படி இருக்கும். ஊறுன பழம் ஒண்ண குச்சியில குத்தி மேல வைப்பேன். பிள்ளைங்களுக்கு நாவல் சர்பத். அத்தனையும் நான் ஒருத்திதான். தட்டுல அடுக்கி நான் கூடத்துக்குக் கொண்டாந்தா, எல்லாரும் ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நின்னு, அவ போத்தோவப் பாத்து டம்ளரத் தூக்குவாங்க. "ஒதிலுக்கு! சாந்தே!"ன்னு, உங்க சியர்ஸ் மாதிரி. நான் காலித் தட்ட வச்சுக்கிட்டு நிப்பேன்.

ஒரு வாய் குடிச்சதும் ரெஜின் கண்ண மூடிக்குவா. "அப்படியே ஒதில் அக்கா கை! செத்தும் நமக்கு ஊத்திக் குடுக்கறா பாரேன்!" எல்லாரும் ஆமா ஆமாம்பாங்க. எங்க வீட்டுக்காரரு டம்ளருக்குள்ளயே பாத்துக்கிட்டு இருப்பாரு. பழம் பொறுக்குனது யாரு? குத்துனது யாரு? வெரல் நகம் பூரா ஒரு மாசம் ஊதாவா அலைஞ்சது யாரு? மூத்தவ நோகாம நொங்கு தின்னுட்டுப் போயிடுவா. மர்தீன், நல்லாருக்குன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. எட்டு ஒம்பது வருஷம் காத்திருந்தேன்மா. எதுக்கு மறைக்கணும், அந்த வார்த்தைக்காகத்தான் ஒவ்வொரு ஜூலையும் பழம் பொறுக்குனேன்.

அந்த வார்த்த முந்தாநேத்து கெடச்சுருச்சு. அதான் இப்ப நான் இந்த பஸ்சுல இருக்கேன்.

சொல்றேன், சொல்றேன். ஒதிலுக்கு ஒரே மக, சில்வி. பிரான்சுல இருக்கா. அம்மா செத்தப்ப வந்து, முப்பதாம் நாள் பூசைய முடிச்சுட்டுப் போனவ. எங்க கல்யாணத்துக்கு வரல. நடுவுல ஒரே ஒரு தடவ கோடையில வந்தா, கிறிஸ்மஸ்சுக்கு வந்ததே இல்ல. இந்த வருஷம் வரேன்னு போன் பண்ணுனா. கேட்டதுலேருந்து எனக்கு ஒரே படபடப்பு. சித்தின்னுதான் கூப்புடுவா, மரியாதையாத்தான் பேசுவா, ஆனா பெத்தவ எடத்துல நிக்கிறவள எந்தப் பொண்ணு பாப்பா நல்ல கண்ணால? அவ வந்து, அவ அம்மா ஜாடியில நான் கைய வச்சுக் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டா? ஒதில்கிட்டயே சொன்னேன். "ஒன் மக வர்றாடி. ஒரு கொறையும் வராமப் பாத்துக்க. இது ஒன் பொறுப்பு"ன்னேன். அவ பக்கத்துலயே இருந்தா, இந்தத் தடவ அவ்ளோ பக்கத்துல. அவ மூச்சுக் காத்து கழுத்துல படுற மாதிரி.

முந்தாநேத்து மத்தியானம். எல்லாரும் வந்தாச்சு. நான் தட்டக் கொண்டாந்தேன். எந்திரிச்சாங்க, போத்தோவப் பாத்தாங்க, "ஒதிலுக்கு!" குடிச்சாங்க. ரெஜின் கண்ண மூடிக்கிட்டு, "அப்படியே ஒன் அம்மா கை, சில்வி!"ன்னா.

சில்வி இன்னொரு வாய் குடிச்சா. அப்புறம் மூணாவது. என்னைப் பாத்தா. "இது அம்மாவோடது இல்ல"ன்னா.

கெடுத்துட்டேன்னு சொல்லப் போறான்னு நெனச்சேன். அவ சிரிச்சாம்மா. "அம்மா போட்டது ஒரே கசப்பு சித்தி. பழத்தக் கொட்டையோட நசுக்கிப் போட்டுருவாங்க. இருமல் மருந்து மாதிரி இருக்கும். அப்பா மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிப்பாரு. எல்லாரும் மறந்துட்டீங்களா? இது எவ்ளோ நல்லாருக்கு! இதுல உப்பு இருக்கு. யாரு உப்பு போட்டது?"ன்னு கேட்டா.

"உங்க அம்மாதான்"னு சொல்லப் போனேன். அடக்கிக்கிட்டேன். "அடியில அவங்க போட்டதுதாம்மா இருக்கு, நான் மேல மேலதான் போடறேன்"ன்னேன்.

"அடியிலயா? அது எப்படி?"ன்னா. "முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவங்க ஒரு சொட்டு விடாம காலி பண்ணிட்டாங்களே. நான்தான் சோடா உப்பு போட்டு, வெந்நீர்ல கழுவி, வெயில்ல கவுத்து வச்சுட்டு பிளேன் ஏறுனேன்"ன்னா.

எல்லாரும் எங்க வீட்டுக்காரரப் பாத்தோம். அவரு டம்ளருக்குள்ள பாத்தாரு. நான் விடல. "என்னங்க, சொல்லுங்க"ன்னேன். கடைசியில வாயத் தொறந்தாரு. "காலி ஜாடியப் பாக்க முடியல. கடையில ஒரு பாட்டில் வாங்கி ஊத்தி வச்சேன்"ன்னாரு. "அப்ப ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"ன்னு கேட்டேன். "நீ கழுவப் போன. கழுவாதன்னா நீ ஏன்னு கேட்ட. ஏதாவது ஒரு காரணம் சொல்லணும்ல"ன்னாரு.

ஏதாவது ஒரு காரணமாம்!

மொதல்ல சிரிச்சது ரெஜின்தான். "அடியே மர்தீன்! அப்ப இத்தன வருஷமா நாங்க குடிச்சது பூரா ஒன் கைப்பக்குவமா! நாங்க பாட்டுக்கு செத்தவளுக்குப் பேரு குடுத்துக்கிட்டு இருந்தோமே"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடி டம்ளரத் தூக்குனாங்க. இந்தத் தடவ போத்தோவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு என் பக்கம் திரும்பி நின்னாங்க. "மர்தீனுக்கு! சாந்தே!" எங்க வீட்டுக்காரரும் தூக்குனாரு.

சந்தோஷமா இருந்திருக்கணும்ல? நீங்களே அப்படித்தான் நெனைக்கிறீங்க, மொகத்துல தெரியுது. எனக்கு இல்லம்மா. எல்லாருக்கும் நடுவுல அவ போத்தோவப் பாக்கறேன், அநாதையாத் தொங்குது. என்னா மனுஷங்க! நேத்து வரைக்கும் அவ கை அவ கைன்னவங்க, ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. "இல்ல, அவ இருக்கா!"ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன் போல. "வருஷா வருஷம் என் பின்னால நின்னு சக்கர போதும்னு சொல்றவ யாரு? உப்பு போடச் சொன்னவ யாரு? எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

யாரும் சிரிக்கல அப்புறம். சில்விதான் எந்திரிச்சு வந்தா. என் கையப் புடிச்சுக்கிட்டா. ஊதாக் கறை போகாத கை இது, பாருங்க, இதப் புடிச்சுக்கிட்டு, "சித்தி, அது நீங்கதான் சித்தி"ன்னா. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொன்னா. அவ டம்ளர என் வாய்க்கிட்ட கொண்டாந்து, "ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க"ன்னா.

நான் தள்ளி விட்டுட்டேன். பெத்த தாய இல்லைங்குறாளே, இவல்லாம் ஒரு பொண்ணான்னு இருந்துச்சு எனக்கு. முப்பதாம் நாளே வழிச்சுக் கழுவிட்டுப் போனவதான, அவளுக்கு என்ன தெரியும்? கூட இருந்தது நான். அவளுக்கு அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு ஞாபகம் இருக்குதா? எனக்கு இருக்குது.

ரெண்டாவது சுத்துக்குக் கலக்கணும்னு சமையக்கட்டுக்கு வந்தேன். ஜாடியத் தொறந்தேன். மூடியத் தொடச்சேன். நின்னேன். யாருமில்ல. "பாத்தியாடி ஒன் மகளோட லட்சணத்த?"ன்னேன். ஒண்ணுமில்ல. வேணும்னே சக்கரைய எடுத்து ஒரு கை போட்டேன், இன்னொரு கை போட்டேன், போட்டுக்கிட்டே இருந்தேன். போதும்னு சொல்லவே இல்ல. ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு இத்தன வருஷத்துல, அன்னைக்குத்தாம்மா நான் அந்தச் சமையக்கட்டுல தனியா நின்னேன். எவ்ளோ பெரிய சமையக்கட்டுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

நேத்து பூரா போய்ப் போய் நின்னு பாத்தேன். காலையில, மத்தியானம், எல்லாரும் வெளிய போனப்புறம். பேசிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன். கோவிச்சுக்கிட்டா. கோவம் வராதா பின்ன? செத்தவளுக்கும் மானம் ரோஷம் இருக்கும்ல? புருஷன் சொல்றான் கடைச் சரக்குன்னு. பெத்த மக சொல்றா இருமல் மருந்துன்னு. அந்த வீட்டுல இனிமே அவ வாயத் தொறக்கமாட்டா. எப்படித் தொறப்பா?

அதான் இன்னைக்குக் காலையில அவரு ரொட்டி வாங்கப் போனப்ப, சில்வி குளிச்சுக்கிட்டு இருந்தப்ப, துண்ட சுத்தி எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போனா மனசு ஆறும். காரைக்கால்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. அங்க அவளத் தெரிஞ்சவங்க யாருமில்ல, இருக்கா இல்லன்னு சொல்ல ஆளில்ல. நாங்க பாட்டுக்கு இருப்போம்.

இன்னும் இல்லம்மா. இன்னும் பேசல. இந்த பஸ்சு சத்தத்துல எங்கேருந்து பேசுவா? காதுல வச்சுப் பாக்கறேன், ரம்மு சலசலங்குது, அவ்ளோதான். எறங்குனப்புறம் பேசுவா.

இது சில்விதான் போன் பண்றா. கெடக்கட்டும். காலையிலேருந்து அடிக்குது. ஒரு தடவ எடுத்தேன். "சித்தி, எங்க இருக்கீங்க, அப்பா வாசல்லயே நிக்கிறாரு, நீங்க இல்லாம சாப்புடமாட்டேங்குறாரு"ன்னா. எனக்குப் புரியவே இல்லம்மா. எனக்காகவா நிக்கிறாரு? ஜாடிக்காக நிப்பாரு. வச்சுட்டேன்.

அண்ணனுக்கு நான் வர்றது தெரியாது. அண்ணி கதவத் தொறந்ததும் கேப்பாங்க, என்ன இது, கிறிஸ்மஸ்சும் அதுவுமா பொட்டி கூட இல்லாம வந்து நிக்கிறன்னு. அதான் யோசிச்சுக்கிட்டே வர்றேன். உள்ளதச் சொல்லிட வேண்டியதுதான். வீட்டுல ஒருத்திய இல்லவே இல்லேன்னு சொல்லித் தொரத்திட்டாங்க, போக்கெடம் இல்லாம நின்னா, மனசு கேக்கல, கூட்டிட்டு வந்துட்டேன்னு சொல்லுவேன்.

ஐயோ, என்னைய ஏம்மா அப்படிப் பாக்கறீங்க? என்னைய யாரும் தொரத்தல. நான் அவளச் சொல்றேன்.